நிமிர்ந்து நில் என்று சொன்னால் போதுமா?

போன வருடம் எனக்குக் கடுமையான கழுத்து வலி. ராத்திரியில் திரும்பிப் படுக்க முடியாது. வண்டி ஓட்டினால் பத்து நிமிடத்தில் வலது கை மரத்துப் போகும். தைலம், ஒத்தடம், மாத்திரை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். அவர் என்னை ஆளுயரக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்தார்.

“தோளை ஏம்மா இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க?”

நான் தூக்கவில்லை என்றேன். இறக்குங்கள் என்றார். இறக்கினேன். பெயர், வேலை, எத்தனை நாளாக வலி என்று இரண்டு கேள்வி கேட்டார். பதில் சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தால் தோள் மறுபடி காதுப் பக்கம் ஏறியிருந்தது. ஏறியது எனக்குத் தெரியவே இல்லை. தலை முன்னால் நீண்டு, நெஞ்சு உள்ளே போய், கை இரண்டும் வயிற்றோடு ஒட்டி, யாரோ திட்டப்போகிறார்கள் என்று காத்திருப்பவளைப் போல நின்றுகொண்டிருந்தேன்.

கண்ணாடியில் இருந்த உருவம் எனக்குப் பழக்கமான உருவம்தான். அது என் ஆயா.

ஆயா தாமல் ஏரிப் பாசன வயல்களில் நடவு நட்டவர். நடவு என்றால் என்னவென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முழங்கால் நேராக இருக்கும், இடுப்பு இரண்டாக மடிந்திருக்கும், முகம் சேற்றைப் பார்த்திருக்கும். அப்படியே பின்னால் பின்னால் நடக்க வேண்டும். காலையில் குனிந்தால் சோறு வரும்போதுதான் நிமிர்வார்கள். நடுவில் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், “இன்னா, வேடிக்கை பாக்குறியா?” என்று வரப்பிலிருந்து குரல் வரும்.

அது வேலை போட்ட குனிவு. வேலை முடிந்து கரையேறினால் அது விட்டுப்போக வேண்டும். ஆயாவுக்கு விட்டுப்போகவில்லை. அவர் பிறந்த ஊரில் கூலி வாங்க ஊர்த் தெருவுக்குள் போனால் செருப்பு கையில் இருக்க வேண்டும், தலை தாழ்ந்திருக்க வேண்டும், வாசலிலிருந்து தள்ளி நின்றுதான் குரல் கொடுக்க வேண்டும். பேசும்போது வாயை முந்தானையால் பொத்திக்கொள்ள வேண்டும். அது மரியாதை என்ற பெயரில் சாதி போட்ட குனிவு. இரண்டு குனிவும் ஒரே முதுகில்தான் ஏறின. எழுபது வயதில் அவர் நடந்து வந்தால் ஊர்க்காரர்கள் “பாவம், கெழவிக்குக் கூன் விழுந்துடுச்சி” என்பார்கள். கூன் தானாக விழுந்ததாம்!

நான் நடவு நட்டதில்லை. ஆயாவின் கூலியிலும் அம்மாவின் கூலியிலும் படித்து, சமூகவியலில் முதுகலை முடித்து, இன்றைக்குச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். என்னை யாரும் செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. பிறகு ஏன் என் தோள் ஏறுகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

*கண்ணாடியில் மட்டும் தெரிவது*

உடம்பின் பழக்கங்களை மாற்றிக்கொள்வது பற்றித் தேடிப் படித்தபோது எஃப். எம். அலெக்ஸாண்டர் என்ற பெயர் வந்தது. 1869இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையில் நாடக வசனங்களை ஒப்பிப்பது அவர் தொழில். ஒரு கட்டத்தில் மேடையேறினால் தொண்டை கம்மிவிடும். மருத்துவர்களால் நோய் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படியானால் பேசும்போது நானே ஏதோ தப்பாகச் செய்கிறேன் என்று நினைத்து, கண்ணாடிகளை வைத்துத் தன்னையே கவனித்தார். வாய் திறக்கும்போதெல்லாம் தலையைப் பின்னால் இழுத்து, குரல்வளையை அழுத்தி, மூச்சை உறிஞ்சிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

சரி, தலையை இழுக்காமல் பேசுவோம் என்று முயன்றார். சரியாகச் செய்கிறோம் என்றுதான் அவருக்குத் தோன்றியது. கண்ணாடியில் பார்த்தால் முன்பைவிட அதிகமாக இழுத்துக்கொண்டிருந்தார்! இதுதான் அவர் கண்டுபிடித்ததில் முக்கியமானது. பல வருடப் பழக்கம் உடம்புக்குச் ‘சரி’ என்றே தோன்றும். கோணலாக இருப்பவருக்குக் கோணல் நேராகத் தெரியும். நேராக நிறுத்தினால் எங்கோ சாய்ந்துவிட்டதாகப் பதறுவார்.

அவர் கண்ட வழி, உடனே திருத்துவது இல்லை. முதலில் நிறுத்துவது. பேச வேண்டும், எழ வேண்டும், பதில் சொல்ல வேண்டும் என்று உந்துதல் வந்ததும் உடம்பு தன் பழைய ஏற்பாட்டைத் தொடங்கும். அந்த நொடியில் எதையும் செய்யாமல் நிற்க வேண்டும். கழுத்தை விட வேண்டும். தலை தானாக மேலே போக, முதுகு நீளவும் அகலவும் இடம் கொடுக்க வேண்டும். பிறகுதான் செயல். இதை ஆசிரியர் கையால் தொட்டு வழிகாட்டிப் பல பாடங்களில் கற்றுக் கொடுக்கிறார்கள்.

இது வெறும் நம்பிக்கை இல்லை. நாட்பட்ட முதுகுவலி உள்ள 579 பேரை வைத்து இங்கிலாந்தில் நடந்த சோதனையின் முடிவு 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு ஒரு வருடம் கழித்தும் நான்கு வாரத்தில் சராசரியாக 21 நாள் வலி இருந்தது. 24 பாடம் கற்றவர்களுக்கு அது 3 நாளாகக் குறைந்திருந்தது.

அலெக்ஸாண்டரைக் கும்பிடச் சொல்லவில்லை. 1910இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் வெள்ளையர் அல்லாத மக்களை நாகரிகத்தின் கீழ்ப்படியில் வைத்துப் பேசும் பகுதிகள் உண்டு. நம்மைக் கீழே வைத்துப் பேசியவர்களிடமிருந்தும் நமக்குப் பயன்படும் கருவியை எடுத்துக்கொள்வது நமக்குப் புதிதில்லை. கருவி நமக்கு, குப்பை அவருக்கு.

*அம்பேத்கரின் ஆசிரியர் சொன்னது*

அலெக்ஸாண்டரிடம் பாடம் கற்றவர்களின் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெயரில் நின்றுவிட்டேன். ஜான் டூயி. பாபாசாகேப் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவருக்குத் தத்துவம் கற்பித்தவர். ‘சாதி ஒழிப்பு’ உரையில் தன் ஆசிரியர் என்று பாபாசாகேப் நன்றியோடு குறிப்பிடுபவர். அந்த டூயி, ஏறத்தாழ அம்பேத்கர் கொலம்பியாவை விட்டு லண்டனுக்குப் போன காலத்தில் அலெக்ஸாண்டரிடம் மாணவராகச் சேர்ந்தார். அவருடைய மூன்று புத்தகங்களுக்கு முன்னுரை எழுதினார்.

1922இல் டூயி எழுதிய ‘மனித இயல்பும் நடத்தையும்’ நூலில் இந்தப் பாடத்தின் தாக்கம் இருக்கிறது. கூனி நிற்கும் ஒருவரிடம் ‘நிமிர்ந்து நில்’ என்று சொன்னால் நிமிர்ந்துவிடுவார் என்று நம்புவது மந்திரத்தை நம்புவது போன்றது என்பது அவர் வாதம். அவர் சோம்பலால் கூனி நிற்கவில்லை. அப்படி நிற்பது அவருக்குள் ஊறிய பழக்கம். பழக்கத்துக்குப் பின்னால் அதை உருவாக்கிய சூழல் இருக்கிறது. மனஉறுதி மட்டும் வைத்துக்கொண்டு அதை உடைக்க முடியாது. கொஞ்ச நேரம் வேறு விதமாகக் கோணலாக நிற்கலாம், அவ்வளவுதான். மாற வேண்டுமென்றால் மாறுவதற்கான வழியும் சூழலும் வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு அலெக்ஸாண்டரின் கண்ணாடி ஞாபகம் வரவில்லை. நம் மக்களிடம் காலம் காலமாகச் சொல்லப்படும் அறிவுரைகள்தான் ஞாபகம் வந்தன. ‘தைரியமாகப் பேசு.’ ‘தாழ்வு மனப்பான்மையை விடு.’ ‘யார் உன்னைக் குனியச் சொன்னார்கள்?’ இவற்றைச் சொல்பவர்களில் நல்லவர்களும் உண்டு. ஆனால் யார் குனியச் சொன்னார்கள் என்ற கேள்விக்கு நம் வரலாற்றில் எழுத்துபூர்வமான பதிலே இருக்கிறது.

*குனியச் சொன்னவர்கள்*

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மறைக்கக் கூடாது. வெயிலிலும் மழையிலும் குடை கூடாது. காலில் செருப்புக் கூடாது. மீறிய இடங்களில் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அடுத்த வருடம் தடைகள் பதினொன்றாயின. அப்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் இவற்றைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இந்தப் பட்டியலை இன்னொரு முறை படியுங்கள். இதில் பாதிக்கு மேல் உடம்பைப் பற்றிய கட்டளைகள். மேலாடை இல்லாத ஆள் கையைக் கட்டி நெஞ்சை மறைத்துக்கொள்வார். ரவிக்கை மறுக்கப்பட்ட பெண் தோளைக் குறுக்கிக் கூனிக்கொள்வாள். குடையும் செருப்பும் இல்லாதவர் சித்திரை வெயிலில் தலையைக் குனிந்து, காலைச் சுருக்கி ஓடுவார். குனி என்று தனியாகச் சொல்லவே தேவையில்லை. துணியை எடுத்துவிட்டால் உடம்பு தானே குனியும்.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு சமூகவியலாளர் 1934இல் ஆற்றிய உரை ஒன்றில், நடப்பது, உட்காருவது, தூங்குவது எல்லாம் இயற்கையில்லை, சமூகம் கற்றுக்கொடுத்த நுட்பங்கள் என்றார். முதுகலை வகுப்பில் இதைப் படித்தபோது புதிய தத்துவம் போலக் குறிப்பெடுத்தேன். ஆயாவிடம் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார்.

பாபாசாகேப் இதைப் புரிந்துவைத்திருந்தார். 1927இல் மகாட் குளத்தில் தண்ணீர் எடுத்த போராட்டம் எல்லோருக்கும் தெரியும். அதே வருடம் டிசம்பரில் மகாட்டில் மறுபடி கூடியபோது, அவர் பெண்களைத் தனியாக அழைத்துப் பேசினார். தீண்டப்படாதவர் என்று அடையாளம் காட்டும்படி புடவை கட்டுவதை விடுங்கள், சாதி இந்துப் பெண்களைப் போலக் கணுக்கால் வரை கட்டுங்கள், அடிமை அடையாளமான கனத்த நகைகளைக் கழற்றுங்கள் என்றார். பெண்கள் அங்கேயே கட்டை மாற்றிக் கட்டினார்கள். மனுஸ்மிருதியை எரித்த அதே மாநாடு அது. ஒரு பக்கம் எழுதிய சட்டம், மறு பக்கம் உடம்பில் எழுதிய சட்டம். இரண்டையும் அவர் ஒன்றாக எடுத்தார்.

நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசனைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனபோது அரசர் கை குலுக்க வந்தார். இவர் கையைக் கொடுக்காமல், நான் தீண்டப்படாதவன் என்று சொல்லி விலகி நின்றார். ஊரில் பயந்து விலகச் சொன்ன அதே விலகலை, உலகமே பார்க்கும் இடத்தில் கேள்வியாக மாற்றிக் காட்டினார். உடம்பு ஒன்றுதான், அசைவும் ஒன்றுதான், பொருள் தலைகீழ்.

இதெல்லாம் பழைய கதை என்பவர்களுக்கு: 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் கூட்டம் நடந்தபோது மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. 2021 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் ஒட்டனந்தலில் தலித் முதியவர்கள் பஞ்சாயத்தார் காலில் விழ வைக்கப்பட்டார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் கொண்டுவந்த திருத்தம், பொது இடத்தில் செருப்பு அணிவதையும், புதுத்துணி உடுத்துவதையும், சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதையும் தடுப்பது குற்றம் என்று தனியாகச் சொல்கிறது. நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் சட்டம் எழுதுவதில்லை.

*நிமிர்ந்தால் வேலை செய்யவில்லை என்று பொருள்*

வேலை போட்ட குனிவுக்கு வருகிறேன். அதுவும் இயற்கை இல்லை.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் காய்கறித் தோட்டங்களில் மெக்சிகோ, பிலிப்பைன்ஸ் தொழிலாளர்களுக்குக் குட்டைப் பிடி போட்ட களைக்கொத்து கொடுப்பார்கள். ஓரடி, ஒன்றரை அடிதான் பிடி. நாள் முழுக்க இரண்டாக மடிந்துதான் கொத்த முடியும். நீளப் பிடி போட்டால் பயிர் சேதமாகும் என்றார்கள் முதலாளிகள். உண்மையான வசதி வேறு. குட்டைப் பிடி இருந்தால் தூரத்திலிருந்தே மேஸ்திரிக்குத் தெரியும், நிமிர்ந்திருப்பவர் வேலை செய்யவில்லை என்று. முதுகெலும்பு தேய்ந்த தொழிலாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1975இல் அந்தக் கொத்துக்குத் தடை வந்தது. விவசாயம் ஒன்றும் அழிந்துவிடவில்லை.

வரப்பில் நின்று “வேடிக்கை பாக்குறியா?” என்று கேட்ட குரலும் அந்த மேஸ்திரி குரலும் ஒன்றுதான்.

நம் பக்கம் தறிக்கு வாருங்கள். காஞ்சிபுரம் பட்டு என்றால் உலகமே அறியும். சுற்றியுள்ள கிராமங்களில் கூலிக்கு நெய்யும் குடும்பங்களில் நம் மக்களும் இருக்கிறார்கள். குழித்தறியில் காலைக் குழிக்குள் விட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, முன்னால் சரிந்து, ஒரு இழை அறுந்தாலும் தெரியும்படி கண்ணைக் குவித்து உட்கார வேண்டும். முதுகுக்குச் சாய்மானம் கிடையாது. கரையும் உடலும் சேரும் கோர்வைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். ஒரு காலத்தில் அந்த ஆள் பெரும்பாலும் ஒரு குழந்தை. முன்பணத்துக்காகத் தறியில் கட்டுண்ட காஞ்சிபுரத்துக் குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் அறிக்கை வெளியிட்டது. அந்தக் குழந்தைகள் இன்றைக்கு என் வயதுக்காரர்கள். அவர்களுடைய கழுத்து வலி எந்த மருத்துவரின் சீட்டிலும் ‘முன்பணம்’ என்று எழுதப்படுவதில்லை.

நெய்த புடவையை விற்கும் இடத்திலும் இதே கதை. துணிக்கடைகளில் பெண்கள் பத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. கேரளத்தில் பெண் தொழிலாளர்கள் போராடி 2018இல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, இருக்கை கொடுப்பது கட்டாயமானது. ஒரு ஸ்டூலுக்குச் சட்டம் தேவைப்பட்ட நாடு இது. கடைக்குப் போனால் அந்த ஸ்டூல் இருக்கிறதா, யாராவது அதில் உட்காருகிறார்களா என்று பாருங்கள்.

*நெஞ்சை நிமிர்த்துவதும் ஒரு இறுக்கம்தான்*

இதை ஒரு தோழரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “இங்க கொலை நடக்குது, நீ தோளை இறக்கச் சொல்லிக்கிட்டிருக்கியா? நெஞ்சை நிமித்தி நட, தானா சரியாயிடும்” என்றார்.

அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவரைக் கவனித்திருக்கிறேன். ஊர்த் தெருவில் போகும்போது நெஞ்சை முன்னால் தள்ளி, தாடையை இறுக்கி, முஷ்டியை மடக்கி நடப்பார். வீட்டுக்கு வந்தும் அது இறங்காது. முப்பத்தெட்டு வயதில் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். குனிந்த ஆயாவும் நிமிர்ந்த தோழரும் ஒரே ஆளுக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் “சரிங்க” என்கிறார், ஒருவர் “முடியாது” என்கிறார். எதிரில் அந்த ஆள் இல்லாதபோதும் இரண்டு உடம்பும் அவருக்காகவே தயாராக நிற்கின்றன.

நெஞ்சை நிமிர்த்துவது தப்பு என்று சொல்லவில்லை. அந்த நிமிர்வு இல்லாமல் நாம் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டோம். ஒரு கையில் புத்தகம், ஒரு கை விரல் நீட்டி நிற்கும் பாபாசாகேப் சிலையைக் கண்டால் சிலருக்கு ஏன் ஆத்திரம் வருகிறது? தமிழ்நாட்டில் அவரைக் கம்பிக் கூண்டுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறோமே, ஏன்? நிமிர்ந்து நிற்கும் ஒரு தலித் உடம்பு, கல்லாக இருந்தாலும், இந்தச் சமூகத்துக்குத் தாங்கவில்லை. நிமிர்வது போராட்டம்தான். ஆனால் போராட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தால் இறக்கி வைக்கவும் தெரிய வேண்டும். இருபத்து நான்கு மணி நேரமும் காவல் நிற்கும் உடம்பு சீக்கிரம் உடைந்துபோகும். நாம் உடைவதால் யாருக்கு லாபம்?

*சனிக்கிழமை சாயங்காலம்*

இப்போது நாங்கள் தாமலில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். பெரிய திட்டம் எதுவும் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் பத்து, பதினொரு பெண்கள் கூடுகிறோம். நடவுக்குப் போகிறவர்கள், தறி நெய்கிறவர்கள், கம்பெனி வண்டியில் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள், நான். பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு, ஆபத்தில்லாத மூன்றை மட்டும் செய்கிறோம்.

முதலாவது, படுப்பது. பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றி, தலைக்கு அடியில் ஒரு மடித்த புடவை. கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்தபடி பத்து, பதினைந்து நிமிடம். தலை ஏறத்தாழ ஐந்து கிலோ எடை. நாள் முழுக்க அதை முன்னால் நீட்டித் தூக்கிய கழுத்து அப்போதுதான் வேலையை விடுகிறது. முதல் வாரம் ஒருவராலும் பத்து நிமிடம் படுக்க முடியவில்லை. “பகல்ல மல்லாந்து படுத்தா யாராவது பாத்தா இன்னா சொல்வாங்க?” என்றார் ஒரு அக்கா. நடவுக்கு நாற்பது வருடம் போனவர். உடம்பை நீட்டிப் படுப்பதற்கே அவருக்கு யாருடைய அனுமதியோ தேவைப்பட்டது.

இரண்டாவது, உட்கார்ந்து எழுவது. ஒருவர் நாற்காலியில் உட்கார, மற்றவர் அவர் கழுத்தைக் கவனித்துச் சொல்ல வேண்டும். எழுவதற்கு முன்பே எல்லோருடைய கழுத்தும் இறுகுவதைப் பார்க்கலாம். தறி நெய்யும் அண்ணி நாற்காலியின் முன் நுனியில் நான்கு விரல் அகலத்தில் மட்டும் உட்கார்ந்தார். “நல்லா குந்து அண்ணி” என்றேன். “நல்லாத்தாண்டி குந்தியிருக்கேன்” என்றார். கோணல் நேராகத் தெரியும் என்று அலெக்ஸாண்டர் சொன்னாரே, அதுதான் இது. யார் வந்தாலும் உடனே எழுந்துகொள்ள வசதியாக நுனியிலேயே உட்கார்ந்து பழகிய உடம்பு. முழு நாற்காலியிலும் பின்னால் சாய்ந்து உட்கார அவருக்கு மூன்று சனிக்கிழமை ஆனது.

மூன்றாவது, நிறுத்துவது. பயம் தரும் இடம் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ரேஷன் கடை, முதலாளி வீட்டு வாசல், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் அழைத்துப் பேசும் அறை. அங்கே நுழைவதற்கு முன்னால் வாசலில் ஒரு மூச்சு நேரம் நிற்பது. தோள் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்வது. திருத்தக்கூட வேண்டாம்.

பலன்? அண்ணிக்கு ராத்திரி தூக்கம் பரவாயில்லை. என் கை மரத்துப்போவது குறைந்திருக்கிறது. நடவு அக்காவின் இடுப்பு வலி அப்படியே இருக்கிறது. பதினைந்து நிமிடம் படுத்து, மறுநாள் எட்டு மணி நேரம் குனிந்தால் எப்படிப் போகும்? இங்கிலாந்தில் பாடம் முடித்து வீட்டுக்குப் போனவர் மறுநாள் காலை சேற்றில் இறங்க வேண்டியதில்லை. இங்கேதான் டூயி சொன்னது உறைக்கிறது. பழக்கத்தை மாற்று என்று உடம்புக்குச் சொல்கிறோம். பழக்கத்தை உண்டாக்கும் வேலையும் தெருவும் அப்படியே இருக்கின்றன.

அதனால் நான் கேட்பது இரண்டு பக்கமும்.

தறிக்கு முன்னால் சாய்மானமுள்ள, உயரம் மாற்றக்கூடிய இருக்கையும் நல்ல வெளிச்சமும் கூலி நெசவாளரின் சலுகை ஆகக் கூடாது, உரிமை ஆக வேண்டும். துப்புரவுத் தொழிலாளர் கையில் நீளப் பிடித் துடைப்பம் இருக்க வேண்டும். நின்றபடியே ஓட்டும் கோனோ வீடர் போன்ற களைக்கருவிகள் பெண்கள் கைக்கு வர வேண்டும். இதிலும் ஒரு எச்சரிக்கை. நடவு இயந்திரம் வந்தபோது குனிவு போனது, கூடவே கூலியும் போனது. இயந்திரத்தின் மேல் உட்கார்ந்தது ஆண்கள். முதுகைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வயிற்றில் அடிப்பதை ஏற்க முடியாது. கருவியும் பயிற்சியும் அந்த வேலையைக் குனிந்து செய்த பெண்களுக்கே முதலில் சேர வேண்டும். கூலிச் சட்டம், உட்காரும் உரிமை, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மூன்றையும் உடல்நலச் சட்டங்களாகவும் நாம் பேசத் தொடங்க வேண்டும்.

நம் இயக்கங்களுக்கும் ஒன்று. கூட்டம் நடத்துகிறோம், எட்டு மணி நேரம் பெண்களைத் தரையில் உட்கார வைத்து மேடையில் நாற்காலி போட்டுப் பேசுகிறோம். சுயமரியாதை பற்றித்தான் பேசுகிறோம்! நாற்காலியைக் கீழேயும் போடுங்கள்.

கடைசியாக என் தோளுக்கு வருகிறேன். பதில் கிடைத்தது. சில மாதத்துக்கு முன் ஒரு முதியவரின் ஓய்வூதிய மனுவுக்காக ஒரு அரசு அலுவலகத்துக்குப் போனேன். வாசலில் ஒரு மூச்சு நின்று பார்த்தேன். தோள் காதில் இருந்தது. உள்ளே யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் நுழையவே இல்லை. ஆனால் என் உடம்பு ஆயாவின் கூலி வாசலில் நின்றுகொண்டிருந்தது. யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. சின்ன வயதில் ஆயாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் நின்றபோது, அவர் நின்றது போல நானும் நின்றிருப்பேன்.

தோளை இறக்கவில்லை. அது தானாக இறங்கும் வரை நின்றேன். எனக்குப் பின்னால் வந்தவர் “போங்கம்மா, வழி விடுங்க” என்றார். போனேன். எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டி, “உக்காரலாமா சார்?” என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. உட்கார்ந்து, பின்னால் சாய்ந்து, மனுவை மேஜையில் வைத்தேன். அவர் நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு மனுவைப் படித்தார்.

உங்கள் தோள் இப்போது எங்கே இருக்கிறது, தோழர்களே? இறக்க வேண்டாம். முதலில் பாருங்கள். அது யாருக்காக ஏறியிருக்கிறது என்று வீட்டிலிருக்கும் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அந்தக் கதைகளையும் சேர்த்துத்தான் நாம் இறக்கி வைக்க வேண்டும்.

ஜெய்பீம்.